நகக்கண் காவல்

செங்கற்பட்டு ரயிலடியில் இறங்கி மாமல்லபுரத்துக்குச் செல்லும் யாத்திரிகன், கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைக் கண்டு களித்து, திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளை ஏறி இறங்கி, பின்பு கடலோசை கேட்கும் கற்கோயில்களுக்குப் போய்ச் சேர்கிறான். ஊர் திரும்பியபின் ஏரியைப் பற்றியும் மலையைப் பற்றியும் சிற்பத்தைப் பற்றியும் பேசுகிறானேயன்றி, செங்கற்பட்டுக்கு அணித்தே இருக்கும் திருமணி என்னும் சிற்றூரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசாததில் ஆச்சரியமும் இல்லை. அந்த ஊரின் பெயரை உச்சரிக்கவே முந்தைய தலைமுறையினர் சற்றுத் தயங்கினர். பெருவியாதிக்காரர்களின் ஆசுபத்திரி அங்கே இருந்ததுதான் காரணம். ஆயினும் மனிதனுடைய கைவிரலையும் கால்விரலையும் அவற்றின் நுனியில் முளைத்த நகத்தையும் தின்பவை எவை என்ற கேள்வியின் சரித்திரத்தை எழுதப் புகுவோன் திருமணியை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது.

நகத்தை நாம் அற்பமாக நினைப்பது வழக்கம். ‘நகமும் சதையும்போல’ என்று உறவின் நெருக்கத்துக்கு உவமை சொல்லுகிறோமே தவிர, அந்த நகத்துக்கும் சதைக்கும் இடையே உள்ள நகக்கண் என்ற சிறு இடுக்கில் எத்தனை உணர்ச்சி குடியிருக்கிறது என்பதை நகச்சுற்று வந்தால்தான் அறிகிறோம். விரல்நுனி வீங்கிக் கடுக்கும் அந்த இரவில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலை அதனுள் செருகிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் நம் வீடுகளில் அநேகர். நகச்சுற்று அண்டாதிருக்க மருதாணி இடுவதும், நடவு காலத்தில் நாளெல்லாம் சேற்றில் நின்ற பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளை அரைத்து விரலிடுக்கில் அப்புவதும், ஏரிப்பாசன நாடாகிய தொண்டை மண்டலத்தில் வைத்தியரைக் கேட்டுச் செய்யும் காரியங்கள் அல்ல. வலி கேட்டது, கை செய்தது. வலிதான் அங்கே முதல் வைத்தியன் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே போவோம்.

நகத்தை நாடி வரும் ஜீவராசிகள் சில உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைத் தெள்ளுப்பூச்சி, கால்நகத்தின் ஓரத்தைக் குடைந்து உள்ளே புகுந்து, தன் வயிறு பட்டாணிபோலப் பருக்கும்வரை அங்கேயே முட்டையுடன் தங்கியிருக்கும். 1872இல் ‘தாமஸ் மிட்செல்’ என்ற கப்பலில் பிரேஸிலிலிருந்து அங்கோலாக் கரையில் இறங்கிய அது, ஒரு தலைமுறைக்குள் ஆப்பிரிக்காக் கண்டத்தின் குறுக்கே பரவிவிட்டது. நல்லவேளையாக நம் கரையில் அது வேரூன்றவில்லை. நமக்கு வாய்த்தது அதனினும் சிறிய, அதனினும் பழகிய ஒன்று: சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் பாதியளவும் இல்லாத இந்தப் பூச்சியைக் கண்கொண்டு காண்பது அரிது என்றாலும், இத்தாலியில் பொனோமோ என்னும் வைத்தியர் 1687இல் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து ஆராய்ந்து உலகறியச் செய்தார். ஏழைத் தாய்மார்கள் தம் குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து, நகத்தின்மேல் வைத்து நசுக்குவதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பேன் குத்தும் நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பண்டிதர்கள் கண்ணாடி கொண்டு கண்டதை ஏழைப் பெண்கள் ஊசி கொண்டு முன்னமே கண்டிருந்தனர்.

சாதாரணச் சிரங்குள்ள ஒருவன் உடம்பில் இந்தப் பூச்சிகள் பத்துப் பதினைந்துக்கு மேல் இரா. பெண்பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. மூன்று நான்கு நாளில் குஞ்சு வெளிவருகிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் சில மாதத்துக்குள் உடம்பு முழுவதும் அதன் வசமாகிவிட வேண்டும். ஆகாமல் தடுப்பது எது? அரிப்புத்தான். இரவில் தூக்கம் கெட்டு மனிதன் சொறிகிறான். சொறியும் நகமே சுரங்கத்தை உடைக்கிறது, பூச்சியைப் பெயர்த்தெறிகிறது. அந்த நகத்தின் அடியிலேயே சில பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வேறிடம் போய்க் குடியேறுவதும் உண்டென்றாலும், மொத்தத்தில் நகம் காவலாளியாகவே இருக்கிறது. அரிப்பே தோன்றாத ஒரு தேகத்தில் இந்தப் பூச்சி புகுந்தால் என்ன நேரும் என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு விடை கிடைத்த இடம் வெகுதூரத்தில், பனி மூடிய நார்வே தேசத்தில். அங்கே மேற்குக் கரையிலுள்ள பெர்கன் என்ற துறைமுகப் பட்டணத்தில், மீனவரும் குடியானவருமாகிய ஏழைகளிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் குஷ்டரோகம் மிகுந்திருந்தது. அந்த ரோகிகளை ஆராய்ந்த டேனியல்சன், பெக் என்ற இரு வைத்தியர்கள், சில ரோகிகளின் கைகளும் பாதங்களும் மரப்பட்டைபோல் தடித்து, நகங்கள் பொரிந்து மஞ்சளித்துக் கொம்புபோல் பருத்திருப்பதைக் கண்டு, அந்தப் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தபோது, அது முழுவதும் சிரங்குப் பூச்சிகளும் அவற்றின் முட்டைகளும் ஓடுகளுமாகவே இருந்தது. 1848இல் அதை விவரித்து எழுதினர். பத்துப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில்! பிற்பாடு வியன்னா நகரத்துத் தோல்வைத்தியராகிய ஹெப்ரா அதற்கு ‘நார்வேச் சிரங்கு’ என்று பெயர் வைத்தார். தேசத்தின்மேல் பழி சுமத்தும் இந்தப் பெயர் எனக்கு உவப்பானதன்று. பொருக்குச் சிரங்கு என்றே இங்கு சொல்லுவேன்.

தேகத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றிய எவருக்கும் இது வரக்கூடும் என்றாலும், குஷ்டரோகியிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதற்குத் தக்க ஹேது இருக்கிறது. குஷ்டரோகத்தின் கிருமி நரம்பைப் பற்றுவது. தேகத்தில் குளிர்ச்சி மிக்க பாகங்களாகிய காதுமடல், மூக்கு, கை, கால் இவற்றையே அது விரும்புகிறது. நரம்பு செத்தபின் அரிப்பு ஏது, வலி ஏது? சொறிய வேண்டிய விரலும் மடங்கி மரத்துப்போயிருக்கிறது. காவலாளி உறங்கிய வீட்டில் திருடன் குடித்தனமே நடத்துகிறான். இந்தக் கிருமியை 1873இல் அதே பெர்கன் பட்டணத்தில் கண்டவர் ஹான்சன். அவர் மேற்சொன்ன டேனியல்சனுக்கு மருமகனும் ஆவார். ரோகம் பரம்பரையாக வருவது என்று சாதித்த மாமனாரின் சித்தாந்தத்தை மருமகனே உடைத்தது குடும்பத்துக்குள் எத்தகைய பேச்சை எழுப்பியிருக்குமோ!

இனி நம் கரைக்குத் திரும்புவோம். ஆங்கில அரசாங்கம் 1898இல் பிறப்பித்த குஷ்டரோகிகள் சட்டம், பிச்சையெடுத்து அலையும் ரோகிகளைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. உணவு, பானம், உடை முதலியவற்றைச் சார்ந்த தொழில்களையும் பொதுக் குளம் கிணறுகளையும் அவர்களுக்கு விலக்க வழி செய்தது. நோயைத் தீர்க்க மருந்தில்லாத காலத்தில் நோயாளியைத் தீர்த்துவிடும் முயற்சி அது என்று சொன்னால் மிகையாகாது. அந்தச் சூழ்நிலையில், 1924இல், சென்னை அரசாங்கத்தின் ஆதரவில் திருமணியில் ‘லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆரோக்கியசாலை’ ஏற்பட்டது. அதற்குச் சற்று முன்வரை சென்னைக் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரையே அதற்கு இட்டனர். ‘ஆரோக்கியசாலை’ என்ற பெயரில் இருந்த நம்பிக்கைக்கு அந்நாளைய மருந்தில் போதிய ஆதாரம் இல்லை. அப்போது கைவசம் இருந்ததெல்லாம் நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. சித்த வைத்தியரும் வடநாட்டு வைத்தியரும் நெடுங்காலமாகக் கையாண்ட அதையும் அதன் இனத்து எண்ணெய்களையும், உள்ளுக்குக் கொடுத்தால் குமட்டும் என்பதால் ஊசிமூலம் செலுத்தும் முறையாகக் கல்கத்தாவில் ரோஜர்ஸ், மியூர் என்போர் செப்பஞ்செய்திருந்தனர். வாரந்தோறும் வரிசையில் நின்று அந்தக் கெட்டி எண்ணெயை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்களின் பொறுமையை என்னென்பது!

1935இல் திருமணியின் பொறுப்பை ஏற்றவர் ராபர்ட் காக்ரன். பீக்கிங் நகரில் வைத்தியக் கல்லூரியை நிறுவிய தாமஸ் காக்ரனின் புதல்வர். தர்க்கம் செய்வதில் சளைக்காதவர். குஷ்டரோகம் எளிதில் தொற்றும் நோய் அன்று என்றும், குழந்தைகளைக் கவனித்தால் அடுத்த தலைமுறையைக் காக்கலாம் என்றும் விடாது வாதிட்டவர். சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வெள்ளிவிழாக் குழந்தைகள் வைத்தியசாலை அந்த எண்ணத்தின் வழிவந்ததே. 1941இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்து ஆசுபத்திரியில் ஃபேஜட் என்பார் ஸல்ஃபோன் என்னும் புதிய இனத்து மருந்தால் பலன் கண்டார் என்ற செய்தி வந்தபின், அந்த இனத்தின் மூலப்பொருளும் விலை மலிந்ததுமாகிய டாப்ஸோனை நாற்பதுகளின் நடுவே செங்கற்பட்டில் ஊசிமூலம் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் காக்ரன் ஒருவர். பல நூற்றாண்டு நீடித்த நீரடிமுத்தின் ஆட்சி சில ஆண்டுகளில் முடிந்தது.

மருந்து கிருமியைக் கொன்றது, ஆனால் விரல்? ரோகம் அடங்கியவனுக்கும் விரல்கள் குறைந்துகொண்டே வந்தன. மடங்கிய கையோடு வேலை கேட்டுப் போனவனை எவரும் ஏற்கவில்லை. அழுகிய சதை உதிர்கிறது, பூர்வஜன்ம பாபம் தின்கிறது என்று ஊர் பேசியது. வைத்தியர்களிலும் பலர் வேறு வார்த்தைகளில் அதையே பேசினர் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் 1947இல் வேலூரிலிருந்து இளைஞரான ஓர் எலும்பு வைத்தியர் காக்ரனின் அழைப்பின்பேரில் திருமணிக்கு வந்தார். பெயர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, மலைவாசிக் குழந்தைகளோடு வெறுங்காலில் ஓடித் தமிழ் பேசி வளர்ந்தவர். காக்ரன் தேமல்களைக் காட்டிக்கொண்டே போக, பிராண்டின் கண்கள் கைகளையே பார்த்தன. மடங்கிக் கிடந்த ஒரு கையைத் தம் கையில் வாங்கி, இறுகப் பிடிக்கும்படி அந்த ரோகியிடம் சொன்னார். செயலற்றது என்று நினைத்த கை இரும்புபோல் இறுகியது. அவனுடைய நகங்கள் வைத்தியரின் சதையில் புதைந்து அவரை வலியால் கூவவைத்தன. தான் பிறரைத் துன்புறுத்துவதை அந்த ரோகி அறியவே இல்லை. அறிவிக்க வேண்டிய உணர்ச்சி அவன் விரல்களில் இல்லை. ஆனால் தசையின் பலம் இருந்தது! பலமுள்ள தசைகளைச் செயலிழந்த தசைகளின் இடத்துக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிருமே என்ற யோசனை அந்த நகக்குறிகளோடு பிறந்தது என்பர். மறுவருஷமே வேலூரில் அந்தச் சிகிச்சை தொடங்கிற்று.

சதை அழுகுகிறது என்ற கதையை நகமே பொய்யாக்கியது என்பது என் எண்ணம். விரல் உண்மையில் நுனியிலிருந்து உதிர்வதாயின் முதலில் போக வேண்டியது நகம் அல்லவா? குறைந்துபோன விரலின் மொட்டைநுனியிலும் தேய்ந்த சிறு நகம் ஒட்டிக்கொண்டிருப்பதை எத்தனையோ ரோகிகளிடம் காணலாம். உள்ளே எலும்பு காயத்தாலும் சீழாலும் கரைந்து குறுகுகிறதேயன்றி, விரல் ஒடிந்து விழுவதில்லை. காயம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் சமையல் பாத்திரத்தின் சூடும், துருப்பிடித்த பூட்டைத் திருகும் வேகமும், செருப்பில் கிடந்த கல்லும் குற்றவாளிகளாக ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

ஒரு குற்றவாளி மட்டும் நெடுநாள் அகப்படவில்லை. முதல்நாள் இரவு இருந்த விரல்நுனி மறுநாள் காலையில் இல்லை என்று சில ரோகிகள் சொல்லுவதைக் கேட்டு வேலூர் வைத்தியர்கள் திகைத்தனர். பின்பு இரவில் விழித்திருந்து காவல் பார்த்ததில், உறங்கும் ரோகியின் படுக்கையில் எலி ஏறி, உணர்ச்சியற்ற விரலை முகர்ந்து பார்த்து, தடுப்பவர் இல்லாததால் கடித்துத் தின்பது தெரியவந்தது. வலியுள்ளவன் ஒரு கணத்தில் கையை உதறியிருப்பான்! அதுமுதல், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ரோகிக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினர். உலகத்தில் வேறெந்த ஆசுபத்திரியும் பூனையை மருந்தாகக் கொடுத்ததாக நான் படித்ததில்லை. மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்று பெயர்பெற்ற பாறையில், ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் முனிவரைப் போலவே ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, அதன் காலடியில் எலிகள் பயமின்றிக் கூடியிருப்பதைப் பல்லவச் சிற்பி ஏழாம் நூற்றாண்டிலேயே செதுக்கியிருக்கிறான். பொய்த்தவத்தைப் பரிகசிக்கும் சிற்பம் என்று அதைக் காட்டி வழிகாட்டிகள் சிரிக்கவைப்பார்கள். வேலூர்ப் பூனையின் கதையை அறிந்தபின் எனக்கு அந்தப் பாறையில் எலிகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

எலியைவிட எளிதில் வருவது ஈ. மூடாத புண்ணில் அது இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ‘புண்ணில் புழு வைத்துவிட்டது’ என்று கிராமத்தார் முகஞ்சுளித்துச் சொல்லும் அந்த அவஸ்தை, வலியுள்ளவனுக்கு நேர்ந்தால் அவன் ஊரையே கூட்டிவிடுவான். வலியற்றவனோ, கட்டை அவிழ்த்துப் பார்த்து, கால்நகத்தின் அடியில் நெளிவதைக் கண்ணால் கண்டே அறிவான். கற்பூரத் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, மூச்சுமுட்டி மேலே வரும் புழுக்களை இடுக்கியால் எடுப்பது வைத்தியசாலைகளின் அன்றாட ஊழியம். அதைச் செய்தவர்களுள் பலர் தாமும் முன்னாள் ரோகிகளே. அவர்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லை.

1955ஆம் ஆண்டு இந்த ஜில்லாவுக்கு முக்கியமானது. திருமணி ஆரோக்கியசாலையையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் வைத்தியசாலையையும் இந்திய அரசாங்கம் ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. தோல்சோதனைக்குரிய ஊசிப்பொருள் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த தர்மேந்திரா அதன் தலைவரானார். அதே ஆண்டில் மதுராந்தகத்துக்கு அப்பால் பொலம்பாக்கத்தில், காங்கோவில் பணிபுரிந்து வந்த ஹெமரிக்ஸ் என்ற பெல்ஜிய வைத்தியர் ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். அவர் கட்டிடத்தைப் பெரிதாக எண்ணவில்லை. சாலையோரத்து மரநிழலில் மேஜை போட்டு, குறித்த கிழமையில் குறித்த மரத்தடியில் மாத்திரை கொடுத்து, புண்ணைக் கழுவி, அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். ரோகியை ஊரிலிருந்து பிடித்துவரும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, ரோகி ஊரிலேயே இருக்க வைத்தியன் தேடிப்போகும் இந்த மரத்தடி முறையைவிடக் கூர்மையான மறுப்பு வேறில்லை. அவரோடு சேர்ந்து உழைத்த கிளேர் வெலூட் அம்மையார் பிற்காலத்தில் இந்தியப் பிரஜையாகவே ஆகி நம் நாட்டிலேயே வாழ்ந்தார்.

நம்மவருள் டி. என். ஜகதீசனைச் சொல்லாமல் விடலாகாது. சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட இந்த ஆங்கில வித்துவான், தாமே அந்நோயை அனுபவித்தவர், மறைத்து வாழ்ந்திருக்கலாம், மறைக்காமல் பேசியும் எழுதியும் ஆயுளை அதற்கே கொடுத்தார்.

பின்வந்த கதை வேகமானது. டாப்ஸோனுக்குக் கிருமி பழகிவிட்டதால், எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்து முறை வந்தது. 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதென அரசாங்கம் அறிவித்தது. குறைந்தது, ஒழியவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியதோ 2016இல்தான். நோய் தளர்ந்த வேகத்தில் சட்டம் தளரவில்லை. பொருக்குச் சிரங்கும் இன்று அச்சம் தருவதன்று. ஐவர்மெக்டின் மாத்திரையும் மேற்பூச்சும் தேகத்துப் பூச்சிகளைக் கொன்றுவிடும். ஆயினும் தடித்த நகத்தின் அடியில் ஒளிந்தவற்றை மருந்து எளிதில் எட்டாது என்பதால், நகத்தை ஒட்ட நறுக்கி, அடியைத் துலக்கி, அங்கும் மருந்தைத் தேய்க்க வேண்டும். தவறினால் சில வாரத்தில் எல்லாம் அங்கிருந்தே மீண்டும் தொடங்கும்.

வலி போனவனுக்கு வலியின் வேலையைக் கண் செய்ய வேண்டும். அந்திப்பொழுதில் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கையும் நகக்கண்ணையும் விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பது பழைய ரோகிகளின் நித்திய கர்மம். பகலுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த எம்.சி.ஆர். செருப்பு. அந்தச் செருப்பு காலைக் காத்தது உண்மை. கூடவே ஆளையும் காட்டிக்கொடுத்தது. தடித்த கறுப்பு அடியைக் கண்டவுடனே இன்னார் என்று ஊர் தெரிந்துகொண்டதால், பலர் அதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத் தெருவில் வெறுங்காலோடு நடந்தனர். பிற்பாடு கடைச்செருப்பைப் போலவே வண்ணமும் வாரும் மாற்றித் தைக்கத் தொடங்கியபின்தான் அது வாசற்படியைத் தாண்டியது. ஆனால் கோயில் வாசலில் எந்தச் செருப்பையும் கழற்றத்தானே வேண்டும்? திருக்கழுக்குன்றத்து மலைக்கு 500க்கு மேற்பட்ட கற்படிகள். கழுகுக்கு அமுது படைக்கும் உச்சிப்பொழுதைக் காணக் கூட்டம் ஏறிய காலத்தில் அந்தப் படிகள் அடுப்புக்கல்போல் கொதிக்கும். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழல் தேடுவார்கள். பாதம் மரத்தவனுக்கு அந்தச் சூடு தெரியாது. அவன் விடியுமுன்பே, கல் குளிர்ந்திருக்கும்போதே, ஏறி இறங்கிவிட வேண்டும்.